பழைய லினோலியத்தை உரிக்கும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

அல்சூரில் எங்கள் அப்பா 1968-ல் கட்டிய வீட்டில் இப்போது அம்மாவும் நானும் மட்டும்தான் இருக்கிறோம். அந்தக் காலத்துப் பெங்களூர் வீடுகள் பலவற்றையும் போலத் தரை முழுக்க ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்புச் சிமென்ட் பூச்சு. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஹாலில் அந்தச் சிவப்பைச் சுவரோரத்தில் விரற்கடை அகலத்துக்கு மேல் பார்த்ததே இல்லை. மார்கழிக் குளிரில் தரை ஜில்லென்று இருக்கிறது என்று அப்பா எழுபதுகளில் ஹாலுக்கு லினோலியம் என்கிற தரை விரிப்பைப் போட்டார், கொஞ்ச வருஷம் கழித்துச் சமையலறைக்குச் சதுர டைல், தொண்ணூறுகளில் படுக்கையறைக்குப் பூப்போட்ட வினைல் ஷீட். எல்லாமே கம் போட்டு ஒட்டியவை. ஹால் லினோலியம் காய்ந்து வெடித்து வாசல் பக்கத்து ஓரம் சுருண்டு நின்றது. டேப் ஒட்டினோம், ஆணி அடித்தோம், மேலே மிதியடி போட்டு மறைத்தோம். போன தை மாதம் 78 வயது அம்மா அந்த ஓரத்தில் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு அம்மாவை வேலூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

உரிப்பது சுலபம், அதற்குக் கீழே ஒட்டியிருப்பதுதான் ஆளைக் கொல்லும் என்று அப்போது ஒருவராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை விட முக்கியமாக, எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கடையில் கேட்டால் புது டைல் விற்கப் பார்க்கிறார்கள், மேஸ்திரியைக் கேட்டால் எல்லாவற்றையும் இடித்துவிடலாம் என்கிறார், சொந்தக்காரர்களைக் கேட்டால் அதன் மேலேயே இன்னொரு ஷீட் போட்டுக்கொள் என்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாம் எல்லாவற்றையும் லினோலியம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் எங்கள் வீட்டு மூன்று அறையிலும் இருந்தது மூன்று வேறு பொருள். உண்மையான லினோலியம் என்பது 1863-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் காப்புரிமை வாங்கிய சரக்கு. ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்துக் கெட்டியாக்கி, மரப்பிசின், தக்கைத்தூள், மரத்தூள், நிறப்பொடி எல்லாம் சேர்த்துச் சணல் துணி மேல் அழுத்திச் செய்வது. அதை வெட்டிப் பார்த்தால் மேலே இருக்கிற நிறமே கீழ் வரை இருக்கும், அடியில் கோணி மாதிரி சணல் நெசவு தெரியும், கத்தி போடும்போது பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது மாதிரி ஒரு எண்ணெய் வாசனை வரும். எங்கள் ஹாலில் இருந்தது இதுதான். வினைல் ஷீட் வேறு, அது பிவிசி என்கிற பிளாஸ்டிக். பூவும் கட்டமும் மேல் படலத்தில் அச்சடித்தது மட்டும்தான், தேய்ந்தால் போய்விடும், அடியில் ஃபெல்ட் அல்லது காகிதம் போன்ற ஒரு படலம் இருக்கும். மூன்றாவது, சமையலறையில் இருந்த ஒன்பது அங்குல டைல். கெட்டியாக, வளைத்தால் பட்டென்று உடைவது, கீழே தார் போன்ற கறுப்புப் பசை. இந்த மூன்றாவதைப் பார்த்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், ஏனென்று அப்புறம் சொல்கிறேன். வீட்டின் எந்த அறையில் எது இருக்கிறது என்று பீரோவுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ யாரும் பார்க்காத மூலையில் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் யாரிடமும் ரேட் பேச வேண்டும். அந்த ஃபெல்ட் படலமோ கறுப்புப் பசையோ கண்ணில் பட்டால் மேற்கொண்டு நோண்டக் கூடாது.

வேலை பேசிய கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 45 ரூபாய் கேட்டார். மூன்று அறையும் சேர்த்து 440 சதுர அடி சொச்சம், கிட்டத்தட்ட இருபதாயிரம். "அக்கா, இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, மிஷின் போட்டுத் தேச்சுக் குடுத்துடறேன், மேல டைல் போட்டுக்குங்க" என்று சொல்லி எட்டாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு டைல் வேண்டாம், கீழே இருக்கும் சிவப்புத் தரைதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், தர்மபுரிப் பக்கம். நான் மின்வாரியத்துக்கு ஒரு போன் பேசிவிட்டு உள்ளே வருவதற்குள் சமையலறையில் சிங்க்குக்குக் கீழே உளியும் சுத்தியலும் வைத்து டைலை உடைக்க ஆரம்பித்திருந்தான். ஆறேழு டைல் சில்லுச் சில்லாகக் கிடந்தது. மூக்கில் ஒரு கர்ச்சீப் மட்டும் கட்டியிருந்தான். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூசு மிதப்பது அப்படியே தெரிந்தது. இன்னொருவன் ஹால் வாசலில் கோந்து போக வேண்டும் என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைத் தரை மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். நுரைத்துப் பொங்கியது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமி ஓடி வந்தார்.

முதலில் ஆசிட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய வீடுகளில் இது தினமும் நடக்கிறது. ரெட் ஆக்சைடு தரை என்பது சிமென்டில் இரும்பு ஆக்சைடு நிறப்பொடியைக் கலந்து சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, கையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது. ஆசிட் சிமென்டைத் தின்கிறது. சிமென்ட் போனால் அது பிடித்து வைத்திருக்கும் சிவப்பும் பொடியாக வந்துவிடும், பளபளப்பான மேல்தோல் போய்ச் சொரசொரவென்று ஆகிவிடும், அப்புறம் எந்த பாலிஷ் போட்டாலும் அந்த இடம் வெளிறித்தான் தெரியும். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, சோடா உப்புக் கரைசல் ஊற்றி நுரைப்பது நிற்கும் வரை கழுவினேன். ஆனாலும் வாசல் பக்கத்தில் ஒரு முறத்தளவு இடம் போனது போனதுதான். பழைய முறையில் ரெட் ஆக்சைடு போடத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி பூச 4,500 ரூபாய் ஆனது, நிறம் இன்னும் ஒத்துப் போகவில்லை. வேலைக்கு வருகிறவர்களிடம் "ஆசிட் வேண்டாம்" என்று வாயால் சொன்னால் போதாது, பாட்டிலையே வீட்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள். அதே போலத்தான் கிரைண்டர் மிஷினும். ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் நின்றால் அந்த மெல்லிய சிவப்புப் படலம் முழுக்கப் போய்க் கீழே சாம்பல் நிறக் காரை தெரியும். அன்று வேலையை நிறுத்தச் சொன்னதும் கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எட்டாயிரம் இன்று வரை வரவில்லை. முன்பணம் கொடுப்பதாக இருந்தால் எந்த அறையில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது அந்த டைல். எனக்கு மனது சரியில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எண்பதுகள் வரை உலகம் முழுக்க இந்தக் கெட்டி டைல்களிலும், கறுப்புப் பசையிலும், சில வினைல் ஷீட்களின் அடிப்படலத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற நார் போன்ற கனிமத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் இது ஒளிவு மறைவாக நடந்ததில்லை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 3461 என்ற தரநிலையின் தலைப்பே பிவிசி-ஆஸ்பெஸ்டாஸ் தரை டைல் என்பதுதான். டைல் முழுசாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் இழை பிளாஸ்டிக்குக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. உலர உடைத்தாலோ, சுரண்டினாலோ, மிஷின் போட்டுத் தேய்த்தாலோதான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் வந்து நுரையீரலுக்குப் போகின்றன. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் உடனே வராது, இருபது முப்பது வருஷம் கழித்து வரும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை என்று நினைக்கிறேன். நான் அந்த இரவு தூங்கவில்லை, அந்தப் பையன் முகமே கண்ணுக்குள் நின்றது.

உடைந்து கிடந்த சில்லில் ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹால் லினோலியத்திலும் வினைல் ஷீட்டிலும்கூட நகத்தளவுக்குத் துண்டு எடுத்தேன். எடுக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, புது பிளேடால் மெதுவாக வெட்டி, ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு ஜிப் கவரில் போட்டு மேலே எந்த அறை என்று எழுத வேண்டும். வெட்டிய இடத்தை ஈரத்துணியால் துடைத்து டேப் ஒட்டிவிட வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் தண்ணீரும் சிமென்டும்தான் பார்க்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை தருவார்கள். மூன்று சாம்பிளுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஹாலில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, படுக்கையறையில் இல்லை, சமையலறை டைலில் மட்டும் இருந்தது, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கிரைசோடைல் வகை. பணம் அதிகம் என்று தோன்றலாம், ஆனால் நான் இந்த மொத்த வேலையில் செலவழித்ததில் கொஞ்சமும் வருத்தப்படாத பணம் இதுதான்.

அறிக்கை வரும் வரை சமையலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் டேப் ஒட்டி, கேஸ் அடுப்பைப் பின்முற்றத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தேன். வந்த பிறகு மிக நுண்ணிய தூசையும் தடுக்கிற பி100 ஃபில்டர் போட்ட முகக்கவசம் வாங்கி (துணி மாஸ்க்கும் கர்ச்சீப்பும் இந்த இழைக்கு ஒன்றும் செய்யாது, என்95 கூட இதற்குப் போதாது), உடைந்த சில்லுகள் மேல் தண்ணீர் தெளித்து, கையால் பொறுக்கிக் கனமான பாலித்தீன் பையில் போட்டு இரண்டாவது பையில் கட்டினேன். தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் ஈரத்துணியால் துடைத்து, துடைத்த துணியையும் அதே பையில் போட்டேன். துடைப்பம் எடுக்கவே கூடாது, சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது, அது ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் காற்றில் விடும். மீதி டைலை நான் தொடவில்லை. முழுசாக இருக்கும் டைலை அப்படியே விட்டு மேலே மூடிவிடுவதுதான் வல்லுநர்கள் சொல்லும் வழி. உடைந்த இடத்தைச் சிமென்ட் கலவை வைத்து மட்டம் செய்து, ஒட்டாமல் ஒன்றோடொன்று மாட்டும் வகைத் தரைப்பலகையை மேலே விரித்தேன். துளை போடவில்லை, ஆணி அடிக்கவில்லை. இந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுதி அறிக்கையின் நகலோடு வீட்டுப் பத்திரக் கவரில் வைத்திருக்கிறேன், எங்களுக்குப் பிறகு இந்த வீட்டை வாங்குகிறவரோ இடிக்கிறவரோ தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, ஹாலுக்கு வருகிறேன். இனிமேல் ஆளை நம்பிப் பயனில்லை என்று ஆபீசில் மிச்சமிருந்த லீவை எல்லாம் போட்டுவிட்டு நானே உட்கார்ந்தேன். எஸ்.பி. ரோட்டில் சூடான காற்றை ஊதுகிற ஒரு ஹீட் கன், பெயின்டர்கள் பட்டி பார்க்கிற தகடு அகலத்துக்கு ஒன்றாக மூன்று, கனமான கட்டர், நிறைய மாற்று பிளேடு, முழங்காலுக்குப் போடுகிற பேடு, கையுறை எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் வாங்கினேன். முழங்கால் பேடு வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லினோலியத்தை முழுசாகத் தூக்கப் பார்த்தால் வராது. ஆறு அங்குல அகலத்துக்குக் கட்டரால் கீறிப் பட்டை பட்டையாக இழுக்க வேண்டும். கீறும்போது கத்தி கீழே தரை வரை இறங்கக் கூடாது, முக்கால் கனம் கீறிவிட்டு மடித்தால் தானாக உடையும். வெயில் படும் ஜன்னல் பக்கம் அப்பளமாக நொறுங்கியது, பீரோ இருந்த இடத்தில் தோல் மாதிரி வளைந்து வந்தது. வாசலிலிருந்து ஆரம்பிக்காமல் எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பித்து வாசலை நோக்கி வருவது நல்லது, உரித்த இடத்தில் ஒட்டும் பிசுக்கு மேல் நடக்காமல் தப்பிக்கலாம்.

மேல் ஷீட் வேகமாக வந்துவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, சணலில் பாதி ஷீட்டோடு வந்திருக்கிறது, பாதி கம்மோடு தரையிலேயே நிற்கிறது, ஹால் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ரோமம் ரோமமாக. அதை உலரச் சுரண்டினால் தகடுதான் வழுக்கியது, தரையில் கோடு விழுந்தது. அந்தச் சாயங்காலம் முழங்கால் வீங்கி, உள்ளங்கையில் கொப்புளத்தோடு அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன். லீவு தீர்ந்துகொண்டிருக்கிறது, அம்மா தினமும் போன் செய்து "முடிஞ்சுதாடி" என்று கேட்கிறாள், பாதி உரித்த தரையில் கால் வைத்தால் செருப்பு ஒட்டுகிறது. வேலை செய்துகொண்டே வீட்டில் தங்குவதாக இருந்தால் ஒரு அறையை முழுசாக முடித்துவிட்டு அடுத்த அறையைத் தொடுங்கள், ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கலைத்தால் படுக்கக்கூட இடம் இருக்காது.

கடைசியில் கைகொடுத்தது வெந்நீர். லினோலியத்துக்கு அந்தக் காலத்தில் போட்ட பசைகளில் பல தண்ணீரில் இளகக் கூடியவை. கிழிந்த துண்டு, பழைய வேட்டி எதையாவது தரையில் விரித்து, அதன் மேல் கொதிக்கிற தண்ணீரை மெதுவாக ஊற்றி, கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட வேண்டும். துணி சூட்டைப் பிடித்து வைக்கும், தண்ணீர் அறை முழுக்க ஓடாது. அப்புறம் துணியை நகர்த்திவிட்டு அகலத் தகட்டைத் தரையோடு தரையாகச் சாய்த்துத் தள்ளினால் சணலும் கம்மும் கூழாகச் சுருண்டு வரும். தகட்டின் இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து உருட்டையாக்கிக்கொள்ளுங்கள், கோடு விழுவது பெரும்பாலும் அந்தக் கூர் முனையால்தான். ஒரு தடவைக்கு இரண்டடி சதுரம், அதற்கு மேல் போனால் ஆறிப்போய் மறுபடி இறுகிவிடும். கூழை உடனே வாளியில் போட வேண்டும், குளியலறைக் குழியில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். பொறுமை இருந்தால் இதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. முதல் இரண்டடிச் சதுரம் சுத்தமாகி, ஈரத்துணியால் துடைத்ததும் கீழேயிருந்து அந்தக் கருஞ்சிவப்பு வந்தது பாருங்கள், ஓரத்தில் அப்பா காலத்து மேஸ்திரி நூல் பிடித்துப் போட்ட கறுப்பு பார்டர் கோட்டோடு, அதற்குப் பிறகு எனக்கு முழங்கால் வலி பெரிதாகத் தெரியவில்லை.

படுக்கையறைக்கு இந்த வித்தை செல்லவில்லை. வினைலுக்குப் போட்டிருந்தது செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி மஞ்சள் ரப்பர் சொல்யூஷன், தண்ணீருக்கு அது அசையாது. அதற்குச் சூடுதான். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஷீட் இளகியதும் இழுத்தேன். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பிவிசி கருகும், அந்தப் புகையில் அமில வாயு இருக்கிறது, கண்ணும் தொண்டையும் எரியும். இரண்டு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டும். தரையில் நின்ற சொல்யூஷனையும் சூடு காட்டி விரலால் உருட்டினால் ரப்பர் உருண்டையாக வரும், நேரம் பிடிக்கும், ஆனால் தரைக்கு ஒன்றும் ஆகாது. ஹார்டுவேர் கடைக்காரர் தின்னர் ஊற்றச் சொன்னார். தின்னர் கம்மைக் கரைக்கும், கூடவே கரைந்த கம்மைத் தரையின் நுண்துளைக்குள் இறக்கிக் கறையாக்கிவிடும். எதற்கும் போகாத புள்ளிகளுக்கு மட்டும் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைத்தேன், அதையும் முதலில் கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான். இதில் ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விளையாடக் கூடாது: தின்னரோ டர்பன்டைனோ திறந்திருக்கும் அறையில் ஹீட் கன் ஓடக் கூடாது, கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. நாள் விட்டுத்தான் இரண்டையும் செய்தேன், துடைத்த துணிகளைக் குவிக்காமல் முற்றத்தில் விரித்துக் காயவைத்தேன்.

அந்த அறையில் பள்ளமான இடங்களுக்கு அப்பா பழைய தமிழ்ப் பேப்பரை மடித்து வைத்திருந்தார். பேப்பர் பொடியாகப் போய்விட்டது, எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தரையில் பதிந்திருந்தது. நகை விளம்பரம் ஒன்றை அப்படியே வாசிக்க முடிந்தது. அதை அழிக்க மனசு வரவில்லை, கட்டில் அடியில்தானே என்று ஒரு சின்னச் சதுரத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

உரித்த கையோடு பாலிஷ் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அத்தனை வருஷம் பிளாஸ்டிக்குக்குக் கீழே ஓதம் வெளியேற வழியில்லாமல் கிடந்த தரை. எங்கள் படுக்கையறையில் குளியலறைச் சுவரை ஒட்டி உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது, பூஞ்சை வாசனை வேறு. முதலில் அந்தக் குளியலறைக் குழாய்க் கசிவைச் சரி செய்து (பிளம்பருக்கு 1,800), உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் எடுத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு வாரக்கணக்கில் காயவிட்டேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டடிப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பார்த்தால் போதும், உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இந்த வேலைக்கு மாசி பங்குனிதான் சரி, மழைக்காலத்தில் ஆரம்பித்தால் பெங்களூரில் தரை காயாது. காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மறுநாள் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். இப்படிச் சில தடவை செய்ததில் நிறம் ஏறிவிட்டது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் மிச்சம் துளிகூடத் தரையில் நிற்கக் கூடாது, ஈரக் காலோடு வருகிற குளியலறை வாசலில் நான் எண்ணெயே போடவில்லை. தினமும் துடைக்க வெறும் தண்ணீர், எப்போதாவது லேசான சோப்பு, பினாயில் பக்கமே போகவில்லை.

உரித்த குப்பையை எங்கே போடுவது என்று யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஹால், படுக்கையறை இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன டெம்போ பாரம். காலையில் வருகிற குப்பை ஆட்டோ எடுக்காது, இது வீட்டுக் குப்பைக் கணக்கில் வராது. காலி மனையில் வைத்து எரித்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பிவிசியை எரித்தால் டயாக்சின் என்கிற நச்சு வரும், குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குச் சட்டப்படியும் தடை இருக்கிறது. கட்டடக் கழிவு எடுக்கும் வண்டிக்கு 2,500 கொடுத்து அனுப்பினேன். உரிக்கும்போதே மூன்றடி நீளத்துக்குச் சுருட்டிக் கயிறு கட்டி அடுக்கி வைத்தால் ஏற்றுக்கூலி மிச்சம். ஆஸ்பெஸ்டாஸ் டைல் பையை மட்டும் அந்த வண்டியில் போடவில்லை. விசாரித்த இடத்தில் எல்லாம் தொழிற்சாலைக் கழிவுக்கான நடைமுறையைச் சொன்னார்களே தவிர ஒரு வீட்டிலிருந்து போகிற ஒரு பைக்கு வழி சொல்லவில்லை. இரட்டைப் பையாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் எழுதி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூடிய தொட்டியில் வைத்திருக்கிறேன். சாக்கில் கலந்து அனுப்பியிருந்தால் எங்கோ ஒரு குப்பை பொறுக்குகிறவர் கையில் அது பிரியும்.

போன அட்வான்ஸ், ஆசிட் இடத்துப் பூச்சு, பரிசோதனை, சாமான், முகக்கவசம், பிளம்பர், வண்டி, சமையலறைத் தரைப்பலகை எல்லாம் கூட்டினால் ஐம்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. மேலே டைல் போட ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்டிருந்தார்கள், அதைப் பார்த்தால் குறைவுதான். வருஷத்தின் லீவு முழுக்கப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் பையன் விஷயம் பாக்கி இருக்கிறது. அறிக்கை வந்த அன்றே கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன், அட்வான்ஸ் கேட்கிறேன் என்று நினைத்து எடுக்கவில்லை. அறிக்கையைப் படம் எடுத்துத் தமிழில் விவரம் எழுதி அனுப்பினேன், நீலக் குறி வந்தது, பதில் இல்லை. அப்புறம் அவர் சாமான் வாங்குகிற ஹார்டுவேர் கடையில் சொல்லி வைத்ததில் அந்தப் பையனே ஒரு நாள் போனில் வந்தான். கோரமங்கலாவில் வேறு வீட்டில் வேலை, அங்கேயும் பழைய தரைதான் உடைக்கிறானாம். ஒரு தடவை கொஞ்ச நேரம் சுவாசித்ததால் பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் இதையே தொழிலாக வருஷக்கணக்கில் செய்தால் ஆபத்து சேர்ந்துகொண்டே போகும் என்று நுரையீரல் டாக்டர் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். ஒன்பது அங்குல டைலும் கறுப்புப் பசையும் பார்த்தால் தொடாதே, வீட்டுக்காரரிடம் பரிசோதனை செய்யச் சொல், அவர் கேட்காவிட்டால் அந்த வேலையை விட்டுவிடு, பீடி சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்து, புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும் என்று சொன்னேன். "யாருமே இதெல்லாம் சொன்னதில்லக்கா, கர்ச்சீப் கட்டிக்கிட்டா போதும்னுதான் சொல்வாங்க" என்றான். டைலின் படத்தை அனுப்பச் சொன்னான், கூட வேலை செய்கிற பையன்களுக்குக் காட்ட வேண்டுமாம். அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிறவர்களுக்கும் இதைக் காட்டுங்கள், தரையில் உளி வைப்பதற்கு முன்னால்.